கேளாச் செவியும் ஓயாப் பணியும்

"எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்க மறுக்கிறார்களே, இவர்களிடம் பேசி என்ன பயன்?" என்று சலித்துக்கொள்ளும் இளந்தோழர்களைக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நாம் அடிக்கடி காண்கிறோம். சலிப்பு இயற்கைதான். ஆயினும், ஒதுங்குமுன் நமது ஈரோட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் 'குடிஅரசு' கிழமை இதழ் தோன்றிற்று. பிறவியில் உயர்வு தாழ்வு இல்லை, பெண் அடிமையல்லள், புரோகிதம் வேண்டா என்று அது முழங்கியபோது நாடு கைகொட்டி வரவேற்றதா? இல்லை! பெரியாரின் மேடை நோக்கிக் கல் பறந்தது, சாணி பறந்தது, செருப்பும் பறந்தது. செவியை மூடிக்கொண்டோர் கையை மட்டும் நீட்டினர். அவரோ பேச்சை நிறுத்தவில்லை. நான் சொல்வதற்காக நம்ப வேண்டா, உம் அறிவுக்குச் சரியெனப் பட்டால் கொள்க என்பதே அவர் மறுமொழி.

பேச்சைக் கேட்க வராதவரைக் கேட்கவைப்பது எப்படி? சுயமரியாதைத் திருமணம் அதற்கு வழிகாட்டிற்று. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்த மணத்தைத் தொடர்ந்து இம்முறை ஊர்தோறும் பரவிற்று. இயக்கக் கூட்டத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாமனும் அத்தையும் பங்காளியும், உறவு விட்டுப்போகுமே என்று மணப்பந்தலுக்கு வந்தனர். மந்திரம் ஒலிக்க வேண்டிய நேரத்தில் பெண்ணுரிமையும் சாதி ஒழிப்பும் ஒலித்தன. பந்தி போடுமுன் எழுந்து போவதெங்ஙனம்? முகம் சுளித்தபடியேனும் கேட்டனர்!

உற்றார் கேட்ட பின்னும் சட்டம் கேட்கவில்லை. இத்தகைய திருமணமொன்று இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உளமொத்து வாழ்ந்த மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள் என்றாயிற்று. நம்மவர் ஓய்ந்தனரா? மணங்கள் தொடர்ந்தன. 1967இல் ஆட்சிப் பொறுப்பேற்ற அண்ணா, இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி அவற்றுக்கு ஏற்பளித்தார். 1968இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், முன்பு நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காத்திருப்பு!

இவ்வரலாறு நமக்குச் சொல்வதென்ன? கேளாதவரைப் பழிப்பதால் செவி திறவாது. அவர் கண்முன் வாழ்ந்து காட்டினால் திறக்கும். "ஐயர் இல்லாமல் கல்யாணமா?" என்று கேட்கும் கொங்கு வேளாளப் பெரியவரிடம், "உங்கள் குலத்தில் அருமைக்காரர்தாமே சீர் செய்து நடத்திவைக்கிறார்?" என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். அவர் அறிந்த இடத்திலிருந்தே தொடங்குவதுதான் அறிவு.

ஆனால், கேட்க மறுப்பவர் வேறு. கொல்ல வருபவர் வேறு. 2016 மார்ச் 13ஆம் நாள் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிச் சாய்க்கப்பட்டார். பெரியார் பிறந்த கொங்கு மண்ணில் இக்கொடுமை! அரிவாள் ஏந்திய கைக்கு விளக்கவுரை போதாது. சட்டத்தின் காவலே வேண்டும். அந்தக் கை அரிவாளை நாடுமுன் பேச வேண்டியது நம் கடமை.

எனவே தோழர்களே, வீட்டுப் பெரியவர்களோடு பேச்சை முறித்துக்கொள்ளாதீர். இன்று மறுப்பர்; நாளையும் மறுப்பர். மறுநாளும் அத்திண்ணையில் அமர்வோம். வேறொருவர் வீட்டுப் பந்தலில் பேசுவது எளிது. நம் வீட்டுப் பந்தலில் செய்துகாட்டுவதே சான்று.