கப்பலுக்குள் இருந்த கல்நார்



கல்நார் என்று பாடத்தில் படித்தோமே, அதுதான் ஆஸ்பெஸ்டாஸ். தீப்பிடிக்காது என்பதால் இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கக் கப்பல்களில் நீராவிக் குழாய்களின் மேல் அதைத்தான் சுற்றினார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது.

கடற்படைத் தளபதி எல்மோ ஜூம்வால்ட் கதை என் மனத்தை விட்டு அகலவில்லை. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு தெளிக்க உத்தரவிட்டவர் அவர். அங்கே படகுப்படையில் இருந்த அவருடைய மகனே 1988இல் புற்றுநோயால் இறந்தார். அந்த மருந்துதான் காரணம் என்று அப்பா, மகன் இருவருமே நம்பினார்கள். அதன்பின் முன்னாள் வீரர்களின் நிவாரணத்துக்காக ஜூம்வால்ட் போராடினார். 2000 ஜனவரியில் அவரைக் கொண்டுபோனதோ மீசோதீலியோமா!

அப்போது இந்த நோய்க்கென்று ஒப்புதல் பெற்ற மருந்தே அமெரிக்காவில் கிடையாது. சுமார் 450 நோயாளிகள் சோதனைக்கு உடன்பட்டதால்தான் 2004இல் பெமெட்ரெக்செட் ஒப்புதல் பெற்றது. சிஸ்பிளாட்டினோடு அதைச் சேர்த்தபோது, ஏறத்தாழ 9 மாத ஆயுள் 12 மாதமானது. மூன்றே மாதமா என்று கேட்காதீர்கள், நோயாளியின் வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். அடுத்த மருந்து ஒப்புதலுக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படைவீரர் நலத்துறை சிகிச்சை தருகிறது. உதவித்தொகைக்கு மட்டும், ஐம்பது ஆண்டுக்கு முன் எந்தக் கப்பலில் என்ன வேலை பார்த்தார் என்று காட்ட வேண்டும். எண்பது வயதில் பழைய பணிப்பதிவைத் தேடி அலைகிறார்கள்.