பறங்கி நோயும் கிளினிக் ரிப்போர்ட்டும்



கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனைகளில் "வீ.டீ.ஆர்.எல்." என்று ஒன்று இருக்கும். எதற்கென்று தெரியாமலே பலர் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தெரிந்த சிலரோ அந்தப் பெயரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள். "பொசிட்டிவ்" என்று வந்துவிட்டால் போதும், கதை கொழுந்து மடுவம் வரைக்கும் போய்விடும். இரண்டாவது பரிசோதனை செய்யும் முன்பே ஒரு குடும்பம் உடைந்துவிடும். அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நம் நாட்டின் ஒரு பழைய நோயே நமக்குக் கற்றுத்தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னி போன்ற வரண்ட பிரதேசக் கிராமங்களில் "பறங்கி நோய்" பரவியிருந்தது. உடம்பில் புண், எலும்பில் வலி, சிறுபிள்ளைகளுக்கும் வந்தது. பறங்கியரான போர்த்துக்கேயரோடு வந்த நோய் என்று நம்பியதால் அந்தப் பெயர். நம் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களின் முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த பாதையும் அந்தக் காடுகளூடாகத்தான் போனது. இலங்கையின் பிரதம சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி 1881இல் இந்நோயைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். இது சிபிலிஸ் என்ற பாலியல் நோய்தானா, வேறொன்றா என்ற வாதம் வைத்தியர்களிடையே நீண்டகாலம் நடந்தது.

1905இல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெலானி பறங்கிப் புண்ணில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு ஜேர்மனியில் ஷவ்டினும் ஹொஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஆனால் பறங்கி நோய் தோலோடு தோல் பட்டு, பெரும்பாலும் பிள்ளைகளிடையே தொற்றுவது. அதற்கும் ஒருவரின் ஒழுக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

1906இல் வாசர்மன் என்பவர் சிபிலிஸுக்கு இரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். உலகமே வியந்தது. ஆனால் அந்தப் பரிசோதனை பறங்கி நோயாளியின் இரத்தத்திலும் பொசிட்டிவ் காட்டியது. மலேரியா வந்தவரின் இரத்தத்திலும் சில வேளை காட்டியது. 1934-35இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவிய நாடு இது. அப்படியான நாட்டில் ஒற்றைப் பரிசோதனையை நம்பித் தீர்ப்புச் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1946இல் அறிமுகமான வீ.டீ.ஆர்.எல்.லும் அதே வழியில் வந்ததுதான். அது கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. உடலின் கலங்கள் சேதமடையும்போது உருவாகும் எதிர்ப்பொருளையே பார்க்கிறது. அதனால் வேறு நோய்களிலும், சிலருக்குக் கர்ப்ப காலத்திலும் பொசிட்டிவ் வரலாம். இதற்காகவே டீ.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது பரிசோதனையைச் செய்கிறார்கள். அது அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்க்கும். ஆனால் நோய் குணமான பின்னும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பொசிட்டிவாகவே இருக்கும். பறங்கியையும் சிபிலிஸையும் பிரித்துச் சொல்ல இன்றும் அதனால் முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, மறுபடியும் வீ.டீ.ஆர்.எல். அளவு குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கொனோரியா, கிளமிடியா இரண்டையும் இரத்தத்தில் தேடிப் பயனில்லை. சிறுநீரோ சுரப்பு மாதிரியோ வேண்டும். எச்.ஐ.வி. தொற்றிய மறுநாளே இரத்தத்தில் தெரியாது. எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் உறுதியாகத் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். அவசரப்பட்டு முதல் வாரத்தில் பார்த்து "நெகட்டிவ்" என்று நிம்மதியடைவதும் தவறு. எப்போது, என்ன நடந்தது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான பரிசோதனையை அவர் தெரிவுசெய்வார். அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இதெல்லாம் இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

2019இல் உலக சுகாதார ஸ்தாபனம், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடாக இலங்கையை அங்கீகரித்தது. கிளினிக்கில் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்த தாய்மாரின் வெற்றி அது. கதை கட்டும் பயத்தில் அவர்கள் கிளினிக்குக்குப் போகாமல் விட்டால், பிள்ளைகளைத்தான் நாம் இழப்போம்.

அடுத்தவரின் ரிப்போர்ட் நம் கண்ணில் பட்டால் அது நம்மிடம் வந்த அமானிதம். அதைப் பேணுவோம். ரிப்போர்ட்டை வாசிக்கும் வேலையை வைத்தியரிடம் விடுவோம்.