சாராள் தக்கர் கல்லூரியும் பெண்களின் பட்டநிறைவும்

பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி, தென்னிந்தியாவின் மிகப் பழைய பெண்கள் கல்லூரிகளுள் ஒன்று. கல்லூரியில் சேர்வது வேறு, பட்டம் பெறுவது வேறு என்பதை அறிய அதன் வரலாறு உதவும்.

தோற்றம்

சாராள் தக்கர் இங்கிலாந்தில் வாழ்ந்தவர், உடல்நலம் குன்றியவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருடைய சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சர்ச் மிஷனரி சங்கச் செயலாளராக இருந்தார். அவர் வழியாக இங்குள்ள பெண்களின் நிலையை அறிந்த சாராள், பெண்கல்விக்கு நிதி திரட்டினார். அவர் மறைவுக்குப் பின் நினைவு நிதியைக் கொண்டு ஆசிரியைகளுக்கான பயிற்சி நிறுவனம் உருவானது. அது 1895இல் கல்லூரியாக உயர்ந்தது.

பாதி வழியில் நின்ற படிப்பு

தொடக்கத்தில் இது 'இரண்டாம் நிலை' கல்லூரி. அதாவது, எஃப்.ஏ. என்ற இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே இருந்தது. பி.ஏ. பட்டத்துக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வேறு கல்லூரியில் படிக்க வேண்டும். சென்னையில் இராணி மேரி கல்லூரி 1914இலும், பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கின. நெல்லையிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேல். பெண்ணைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்பவும், விடுதிச் செலவைத் தாங்கவும், திருமணத்தைத் தள்ளிப்போடவும் எத்தனை பெற்றோர் துணிந்திருப்பர்? எஃப்.ஏ.யோடு நின்ற பெண்ணைப் படிப்பில் தோற்றவர் எனக் கருதுவது தவறு. அவர் ஊரில் அதற்கு மேல் வகுப்பே இல்லை.

பின்னர் உள்ளூரிலேயே பட்டப்படிப்பு வந்தது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமும் நெருங்கி வந்தது. 1966இல் மதுரையிலும் 1990இல் நெல்லையிலும் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. நெல்லையில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இக்கல்லூரி இன்று இணைந்துள்ளது.

எதை எண்ணுகிறோம்?

கல்லூரிகள் பெருமையாகக் கூறும் 'தேர்ச்சி விழுக்காடு' தேர்வு எழுதியவர்களை மட்டும் கணக்கிடுவது. 'பட்டநிறைவு விழுக்காடு' சேர்ந்தவர்கள் அனைவரையும் கணக்கிடுவது. எடுத்துக்காட்டாக, முதலாண்டில் 100 பேர் சேர்ந்து, இறுதித் தேர்வை 80 பேர் எழுதி, 76 பேர் வென்றால், தேர்ச்சி 95 விழுக்காடு; பட்டநிறைவு 76 விழுக்காடு. இடையில் நின்ற 20 பேர் முதல் கணக்கில் தென்படுவதே இல்லை. மத்திய அரசின் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பும், உரிய காலத்தில் தேறியவர்களை அனுமதிக்கப்பட்ட இடங்களோடு ஒப்பிட்டே மதிப்பெண் தருகிறது.

இடைநிற்றலுக்கு அரியர் மட்டும் காரணமன்று. திருமணமும் குடும்ப வருமானமும் பேருந்து வசதியும் காரணமாகின்றன. தமிழக அரசின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் 2011இல் பட்டதாரிப் பெண்களுக்கு ரூ.50,000 என்றும், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ரூ.25,000 என்றும் வகுக்கப்பட்டது. 2022இல் அதற்கு மாற்றாகப் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ரூ.1,000, படிப்பு முடியும்வரை கிடைக்கிறது. முன்னது திருமண நேரத்தில் வந்தது. பின்னது படிக்கும்போதே கைக்கு வருகிறது.

கல்லூரி தேடும் மாணவியர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் இவ்வாண்டு பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?