அப்பாவின் டிரங்குப் பெட்டியும் என் டீமேட் கணக்கும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அப்பாகிட்ட மெதுவா விஷயத்தைச் சொன்னேன். "ஷேர்ல கொஞ்சம் பணம் போடலாம்னு இருக்கேம்ப்பா." இந்த மாதிரி பேச்சுக்கு வழக்கமா ஒரு முறைப்புதான் பதில். அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாரு. அடியில ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பழுப்பேறிய பங்குச் சான்றிதழ்கள். கம்பெனி பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. 1994-ல் பங்கு வெளியிட்டு, பணத்தை வாங்கிட்டு, விலாசமே இல்லாம போயிடுச்சாம்.

"இதாவது பேப்பரா இருக்கு. இன்னொரு கம்பெனில நூறு ஷேர் வாங்கினேன். நல்ல கம்பெனி, இன்னிக்கும் நல்லா ஓடுது. அது கைக்கே வரலைடா."

பணம் கொடுத்து வாங்கின பங்கு எப்படிங்க கைக்கு வராம போகும்? அப்போ அப்பாவுக்கு இருபத்தெட்டு வயசு. இப்போ எனக்கு அதே வயசு. புரோக்கரைத் தேர்ந்தெடுக்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. படிக்க ஆரம்பிச்சா அது 1860-கள்ல போய் நிக்குது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கேயிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் போற பருத்தி நின்னுபோச்சு. எல்லாரும் இந்தியப் பருத்திக்கு ஓடி வந்தாங்க. பம்பாயில் பணம் கொட்டுச்சு. கொட்டின பணம் எங்கே போகும்? புதுசு புதுசா பேங்க், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனி, இப்படி எதுக்கெடுத்தாலும் பங்கு. டவுன் ஹால் எதிரே ஆலமரத்தடியில் நின்னு வியாபாரம் பண்ணின புரோக்கர்கள் 1860 வாக்கில் அறுபது பேர். மூணு நாலு வருஷத்தில் இருநூறைத் தாண்டிட்டாங்க. எல்லாருக்கும் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த். பேங்க் ஆஃப் பாம்பே யாருக்குக் கடன் கொடுக்கணும்ங்கிறதுல அவர் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு. (மும்பை பல்கலைக்கழக ராஜாபாய் கோபுரம் இவர் நன்கொடையில், இவங்க அம்மா பேரில் கட்டினதுதான்.)

1865-ல் போர் முடிஞ்சது, பருத்தி விலை சரிஞ்சது. ஜூலையில் தவணை வியாபாரக் கணக்குகளைத் தீர்க்க வேண்டிய நாள் வந்தப்ப கொடுக்க யார்கிட்டயும் பணமில்லை. 2,850 ரூபாய் வரைக்கும் போன பேங்க் ஆஃப் பாம்பே பங்கு 87 ரூபாய்க்கு வந்துச்சு.

இதுல பேராசையைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. எனக்கு உறைச்சது வேற. எந்தப் பங்கை வாங்கலாம்னு சொல்றவரு புரோக்கர். என்ன விலைன்னு சொல்றவரும் அவரே. வாங்கின பங்கு வந்து சேர்ற வரைக்கும் அது இருக்குறதும் அவர் கையில. மூணு முடிச்சையும் ஒருத்தரே போட்டிருக்காரு, கல்யாணத்துல கூட மூணாவது முடிச்சை நாத்தனார் போடுவாங்க :-)

1875-ல் அந்தப் புரோக்கர்கள் சங்கம் வெச்சாங்க. 318 உறுப்பினர்கள், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். இன்னிக்கு இருக்கிற பி.எஸ்.இ. இதுதான். ஆனா சங்கத்தோட நோக்கமே புரோக்கர்களோட நலனையும் அந்தஸ்தையும் காப்பாத்துறதுதான். பங்கு வாங்க வர்றவனுக்காக அதை ஆரம்பிக்கலை. நம்ம மெட்ராஸ்ல 1920-ல் ஒரு எக்ஸ்சேஞ்ச் வந்து, படுத்து, 1937-ல் திரும்ப எழுந்துச்சு. செகண்ட் லைன் பீச்சில் இருந்த அது 2015-ல் மூடப்பட்டது. அங்கேயும் இதே கதைதான்.

அப்பா காலம் வரைக்கும் இப்படித்தான். ரிங்குக்குள்ள புரோக்கர்கள் கையை ஆட்டிக் கத்தி வியாபாரம் பண்ணுவாங்க. அன்னிக்கு 210-க்கும் 225-க்கும் நடுவுல விலை ஆடியிருந்தா, உங்களுக்கு வாங்கினது 225-ன்னு அவர் சொன்னா 225-தான். எங்க ஊர்ல இருந்தவரு புரோக்கர் கூட இல்லை, சப்-புரோக்கர். அவருக்கு மேல மெட்ராஸ்ல ஒருத்தர், அவருக்கு மேல பம்பாயில் ஒருத்தர்.

இப்போ அந்த நூறு ஷேர். பேப்பர் காலத்தில் பங்கு வாங்கினா, சான்றிதழோட வித்தவரு கையெழுத்து போட்ட மாற்றுப் பத்திரமும் வரும். அதுல முத்திரை ஒட்டி கம்பெனிக்கு அனுப்பணும். அவங்க பேர் மாத்தி அனுப்புவாங்க. அப்பா அனுப்பினது திரும்பி வந்துடுச்சு, வித்தவரோட கையெழுத்து ஒத்துப்போகலையாம். இதுக்கு 'பேட் டெலிவரி'ன்னு பேரே உண்டு, அவ்வளவு சகஜம். சரி பண்ணித் தர்றேன்னு சப்-புரோக்கர் வாங்கி வெச்சுக்கிட்டாரு. ஆறு மாசம் நடந்தாரு அப்பா. ஏழாவது மாசம் கடையில பூட்டு.

ஊர்ல ஒருத்தர் கிட்ட மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. 1992-ல் ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடிச்சப்பவும் அடியில இருந்தது ஒரு பேப்பர்தான். "கடன்பத்திரம் எங்ககிட்ட இருக்கு, அப்புறம் தர்றோம்"னு பேங்க்குகள் எழுதிக் கொடுத்த ரசீதுகள். பல ரசீதுக்குப் பின்னாடி பத்திரமே இல்லை.

அந்த வருஷம்தான் செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைச்சது. 1994 நவம்பரில் என்.எஸ்.இ.யில் கம்ப்யூட்டர் திரையில் பங்கு வியாபாரம் ஆரம்பிச்சது. எந்த ஆர்டர், எத்தனை மணிக்கு, என்ன விலைன்னு பதிவாயிடும். நம்ம தொழில் ஊருக்கு உருப்படியா செஞ்ச காரியங்கள்ல இது ஒண்ணுன்னு சொல்வேன். விலை முடிச்சு அவிழ்ந்தது. 1996-ல் டெபாசிட்டரி சட்டம், அதே வருஷம் என்.எஸ்.டி.எல். பங்கு பேப்பர்ல இருந்து கணக்குல ஏறிச்சு. கையெழுத்து ஒத்துப்போகலைங்கிற பேச்சே இல்லை. அப்பாவோட பணம் போய் ரெண்டு வருஷம்கூட ஆகலை.

ஆனா அந்த முடிச்சும் முழுசா அவிழலை. கணக்கு உங்க பேர்ல, சாவி புரோக்கர் கிட்ட. பவர் ஆஃப் அட்டர்னின்னு ஒரு தாள்ல எல்லாரும் படிக்காமலே கையெழுத்து போட்டோம். 2019-ல் கார்வி மேல செபி நடவடிக்கை எடுத்தது, வாடிக்கையாளர் பங்குகளைத் தவறா பயன்படுத்தினாங்கன்னுதான். அதுக்கப்புறம் 2020-ல் அடமான முறையை மாத்தினாங்க. இப்போ பங்கு உங்க கணக்குலயே இருக்கும், நீங்க ஓ.டி.பி. போட்டாத்தான் அடமானம் ஆகும்.

அதனால புரோக்கரைத் தேடினப்ப நான் கமிஷனை முதல்ல பார்க்கலை. நண்பர்கள் எல்லாம் "இங்கே இருபது ரூபாய், அங்கே பூஜ்யம்"னு சொன்னாங்க. நான் செபி பதிவு எண்ணைத் தேடினேன், எதிலெல்லாம் கையெழுத்து கேட்கிறாங்கன்னு படிச்சேன், பவர் ஆஃப் அட்டர்னி வேண்டாம்னு சொன்னா ஒத்துக்கிறாங்களான்னு பார்த்தேன். வாங்கினது டெபாசிட்டரியில இருக்கான்னு புரோக்கர் ஆப்பை நம்பாம நேரா அங்கேயே பார்த்துக்க முடியும், அதையும் செஞ்சு பார்த்தேன்.

மிச்சம் இருக்கிறது எதை வாங்குறதுங்கிற முடிச்சு. அது இன்னிக்கும் அவர்கள் கையிலதான் இருக்குன்னு நினைக்கிறேன். சில புரோக்கர்கள்கிட்ட பங்கு வாங்கி வெச்சா கமிஷன் பூஜ்யம். சரி, அவங்க எதுல சம்பாதிக்கிறாங்க? நாம அடிக்கடி விக்கிறதுல, வாங்குறதுல, முக்கியமா எஃப் அண்ட் ஓ-வில். கணக்கு தொடங்கின ரெண்டாவது நாளே எனக்கு அதுக்கு அழைப்பு வந்துச்சு. 2022-லிருந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ ஆடின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு செபியே 2024-ல் சொல்லிச்சு. ஆலமரத்தடியிலும் இவ்வளவு சுலபமா கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

நான் வாங்கினது ஒரு நிஃப்டி ஈ.டி.எஃப். ஐம்பது கம்பெனிகளும் சேர்த்து. எது நல்ல கம்பெனின்னு கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு பத்தாது. மாசாமாசம் கொஞ்சம், அவ்வளவுதான்.

போன வாரம் டெபாசிட்டரியிலிருந்து மாசக் கணக்கு மெயில்ல வந்துச்சு. அப்பாவுக்கு அனுப்பி வெச்சேன். ராத்திரி போன் பண்ணினாரு.

"உன் பேர்லதான இருக்கு?"

"ஆமாப்பா."

"அந்தத் தாளை பிரிண்ட் எடுத்துட்டு வா. பெட்டியில வெச்சுக்கிறேன்."