ஓசூர்த் தொழிற்கூடங்களில் அளவை - ஒரு வரலாற்று நோக்கு

அளவின்றிப் பாட்டில்லை, அளவின்றித் தொழிலும் இல்லை. எழுத்துக்கு மாத்திரை வகுத்த தொல்காப்பியம், கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் அதற்கு அளவாகக் கொண்டது. இவ்விரண்டும் விலை கொடுத்து வாங்கும் கருவிகள் அல்ல. யாவரிடத்தும் இயல்பாக உள்ளவை. அளக்கும் கருவி எளியதாக, அனைவர் கைக்கும் எட்டுவதாக அமைதல் வேண்டும் என்னும் கருத்து அவ்வளவையில் அடங்கியிருக்கிறது. களத்தில் மரக்காலும், கடையில் படியும், தறியில் முழமும் தமிழர் வாழ்வில் நெடுங்காலம் நிலைத்தமைக்கும் அவ்வெளிமையே காரணம் எனலாம்.

ஆயினும், நெல்லை அளப்பது வேறு. பலர் கூடி உழைக்கும் ஒரு நிறுவனத்தின் செயல்திறனை அளப்பது வேறு. ஒரு தொழிற்கூடம் நன்றாக இயங்குகிறதா, நேற்றைவிட இன்று முன்னேறியிருக்கிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது? அதற்குப் பெரும்பொருள் வேண்டுமா? பொருளற்ற சிறு பட்டறைக்கு அவ்வழி அடைபட்டதா? ஓசூரின் அரை நூற்றாண்டுத் தொழில் வரலாறு இவ்வினாக்களோடு பின்னிப் பிணைந்ததாகும்.

எல்லை ஊரும் தொழிற்பேட்டையும்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மூன்று மொழிகள் கலந்து வழங்கும் எல்லையில் அமைந்த ஊர் ஓசூர். சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. 1824இல் தொடங்கப்பெற்ற கால்நடைப் பண்ணையால் முன்பு அறியப்பட்ட இவ்வூரின் முகம், 1970களில் தமிழ்நாடு சிறுதொழில் முன்னேற்றத்துக்கும் பெருந்தொழில் வரவுக்கும் களமாகியபோது மாறத் தொடங்கிற்று. 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட் இங்கே தொழில் வளாகம் அமைத்தது. 1980இல் இருவர் செல்லத்தக்க டிவிஎஸ் 50 மொபெட் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டின் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இங்கு எழுந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் ஓசூரைக் கைக்கடிகாரத்தின் ஊராகவும் ஆக்கியது. காலத்தை அளக்கும் கருவி செய்யும் ஊரில், உழைப்பை அளப்பது எவ்வாறு என்னும் வினா எழுந்தது பொருத்தமே.

பெருந்தொழிற்சாலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பெருகின. கடைசல் வேலை, துளையிடல், அச்சு வார்ப்பு, பூச்சு வேலை எனத் தனித்தனிப் பணியைச் செய்து பெரிய ஆலைக்கு அனுப்புவது இவற்றின் பிழைப்பு. பெரிய ஆலை இவற்றை அளந்துகொண்டே இருக்கும். பத்து இலட்சம் உறுப்புகளில் குறையுடையவை எத்தனை, சொன்ன நாளில் சரக்கு வந்ததா என்று கணக்கு வைக்கும். சிறு பட்டறையோ தன் தரத்தைப் பிறர் சொல்லக் கேட்டே அறியும். திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு வாசலில் வந்து இறங்கும்போதுதான் குறை தெரியவரும். அதற்குள் மூலப்பொருளும் கூலியும் மின்சாரமும் செலவாகிவிட்டன. கடனுக்கு வட்டியும் ஏறிவிட்டது. தன்னைத் தானே அளந்துகொள்ளாமை சிறு பட்டறைக்கு உயிர்நிலைச் சிக்கல் என்பது இதனால் விளங்கும்.

தாளும் பென்சிலும்

இச்சிக்கலுக்கான விடை தொழிற்கூடத்தில் முதலில் வந்தது தாளின் வடிவில்தான். 1924 மே 16ஆம் நாள், அமெரிக்கத் தொலைபேசித் தொழிலில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட் ஒரே பக்கக் குறிப்பொன்றில் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து காட்டினார். தற்செயலாக நேரும் ஏற்றத்தாழ்வு எது, காரணத்தோடு நேரும் பிழை எது என்று அதனால் பிரித்தறியலாம். மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பை ஏற்று 1947-48இல் அவர் இந்தியாவுக்கு வந்து இம்முறையைப் பரப்பினார். விதை இங்கும் தூவப்பட்டது. ஆயினும், அது மரமானது போரில் நொந்திருந்த ஜப்பானில். 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கு ஆற்றிய சொற்பொழிவுகள் பெரும் எழுச்சியை உண்டாக்கின. அவர் பெயரால் 1951இல் பரிசும் நிறுவப்பெற்றது.

அங்கு இஷிகாவா என்னும் அறிஞர், தொழிலாளி எவரும் கையாளத்தக்க ஏழு கருவிகளை முன்வைத்தார். கோடிட்டு எண்ணும் சரிபார்ப்புத் தாள், காரணங்களை மீன்முள்போல் கிளைத்துக் காட்டும் படம், பெருங்குறை எதுவென வரிசைப்படுத்தும் பட்டை வரைபடம் முதலியன அவை. இவற்றில் எதற்கும் இயந்திரம் வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும். 1962இல் தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையின் குறையைத் தாமே ஆராயும் தரவட்டங்கள் தோன்றின. இந்தியாவில் 1980இல் ஐதராபாத் பெல் நிறுவனத்தில் அவ்வட்டம் முதன்முதலாகத் தொடங்கிற்று.

தமிழகத்தில் இம்முயற்சி கனிந்ததற்கு இரண்டு ஆண்டுகள் சான்று பகரும். 1998இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் தடைக்கருவிப் பிரிவு, டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. 2002இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் அப்பரிசைப் பெற்றது. உலக இருசக்கர ஊர்தி நிறுவனங்களில் இது முதன்முறை. முந்திய ஆண்டில்தான் ஜப்பானியச் சுசுகியோடு கொண்டிருந்த கூட்டு முடிவுற்றிருந்தது என்பதையும் உடன் நோக்கினால், அவ்வெற்றியின் எடை விளங்கும்.

இம்முறையில் சுவர்ப் பலகைக்குத் தனியிடம் உண்டு. வரைபடமும் நிழற்படமும் குறியீடும் பணியிடத்திலேயே எல்லோர் கண்ணிலும் படுமாறு தொங்கும். தமிழரும் தெலுங்கரும் கன்னடரும், பின்னாளில் வடபுலத்தாரும் ஒருங்கே உழைக்கும் எல்லை ஊரில் இதன் பயன் பெரிது. நல்ல உறுப்பின் படமும் பிழையான உறுப்பின் படமும் அருகருகே இருப்பின் அதனை எம்மொழியாரும் படித்துக்கொள்வர். பல்லூடகம் என்னும் சொல் பிறக்குமுன்னரே, அதன் பயன் பலகையில் இருந்தது எனலாம்.

படக்கருவியும் அச்சமும்

அளவையின் வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. டெய்லர் என்பார் நிறுத்துகடிகாரத்தைக் கையிலேந்தித் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவுக்கும் நேரம் குறித்தார். 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர் இதனை எதிர்த்து வேலையை நிறுத்தி வெளியேறினர். பின்னர் அந்நாட்டு நாடாளுமன்றமே அரசுப் படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்திற்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டில் கில்பிரெத் இணையர் திரைப்படக் கருவியால் வேலையைப் படம்பிடித்து ஆராய்ந்தனர். வீண் அசைவைக் குறைத்து உழைப்பவரின் களைப்பைப் போக்குவது அவர்தம் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஆயினும், அதே படம் மேலாளரின் கையில் சாட்டையாகவும் மாறக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

டெமிங் இதனை நன்குணர்ந்தவர். எண்ணால் இலக்கு வகுத்து ஆளை விரட்டுதலை அவர் கண்டித்தார். பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுக என்றார். அஞ்சுகிறவன் எழுதும் கணக்கு பொய்க்கணக்காகும் என்பது வெளிப்படை. குறையை ஒப்புக்கொண்டால் தண்டனை எனில், சரிபார்ப்புத் தாளில் குறையே இராது. சரக்கில் மட்டும் இருக்கும்.

கணிப்பொறியும் இணையமும்

1979இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் வந்தபோது, கணக்கரின் பேரேடு திரைக்கு ஏறிற்று. 1992இல் காப்லான், நார்ட்டன் இருவரும் ஆதாயத்தை மட்டும் நோக்காது, வாடிக்கையாளர் நிறைவு, உள்முறைகள், கற்றல் ஆகியவற்றையும் சேர்த்து நிறுவனத்தை அளக்கும் சமநிலை மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். 1995 ஆகத்து 15இல் விதேஷ் சஞ்சார் நிகாம் வாயிலாகப் பொதுமக்களுக்கு இந்தியாவில் இணையம் திறந்தது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை அமைந்தது. எனினும், இவையனைத்தும் சிறு பட்டறையின் வாசல்வரை வந்து நின்றன. பெரிய மென்பொருள்களின் விலை அதற்கு எட்டாதது. கணிப்பொறி அறையும் அதனிடம் இல்லை. 2006இல் கூகுள் இணையவழி விரிதாளைக் கட்டணமின்றி வழங்கியதும், 2016இல் கைப்பேசி நிறுவனங்களின் போட்டியால் இணையக் கட்டணம் சரிந்ததும் அவ்வாசலைத் திறந்தன. கடைசல்காரரின் சட்டைப்பையிலேயே படக்கருவியும் கணக்கேடும் அஞ்சலும் வந்து சேர்ந்தன.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் காணலாம். ஒரு கடைசல் இயந்திரம் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம் ஓட வேண்டும் எனக் கொள்வோம். கருவி மாற்றவும் பழுது நீக்கவும் 60 நிமிடம் நின்றது. ஓர் உறுப்புக்கு 2 நிமிடம் எனின், ஓடிய 420 நிமிடத்தில் 210 உறுப்புகள் வரவேண்டும், வந்தவை 189. அவற்றுள் நல்லவை 180. நல்ல உறுப்புகளுக்கு உரிய நேரம் 360 நிமிடம். ஆகவே 480 நிமிடத்தில் பயன் தந்தது நூற்றுக்கு 75 பங்கே. எஞ்சிய 120 நிமிடத்தில் 60 நிறுத்தத்தாலும், 42 மெதுவான ஓட்டத்தாலும், 18 குறையுடைய உறுப்புகளாலும் இழக்கப்பட்டன. புதிய இயந்திரம் வாங்கக் கடன் தேடுமுன், இருக்கும் இயந்திரத்தின் நிறுத்தத்தைக் குறைக்கலாமே என்னும் தெளிவு இக்கணக்கால் பிறக்கிறது. மூன்று எண்களைக் கைப்பேசியில் நாள்தோறும் பதிவதற்குச் சில நிமிடங்கள் போதும். உடன் பிசிறு விழுந்த உறுப்பின் படத்தையும், இயந்திரம் எழுப்பும் மாற்றொலியின் பதிவையும் சேர்த்துவைத்தால், எண் சொல்லாத காரணத்தை அவை சொல்லும்.

சான்றும் செலவும்

அரசும் இவ்வழியை ஏற்றது. குறையின்மை, சுற்றுச்சூழல் கேடின்மை ஆகிய இரண்டையும் இலக்காகக் கொண்டு சிறு தொழில்களுக்கு 2016இல் தொடங்கப்பெற்ற ஜெட் சான்றிதழ்த் திட்டம், 50 கூறுகளை ஆராய்வதாக இருந்தது. 2022இல் அது திருத்தியமைக்கப்பட்டபோது வெண்கலத்துக்கு 5, வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20 எனக் கூறுகள் சுருங்கின. கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அதில் குறுந்தொழிலுக்கு நூற்றுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 பங்கு மானியம். ஆகவே குறுந்தொழிற்கூடம் ஒன்று 2,000 ரூபாயில் வெண்கல நிலையை எய்தலாயிற்று. சான்றுகளைப் படங்களாக இணையத்தில் ஏற்றி அனுப்ப, மதிப்பீட்டாளர் தொலைவிலிருந்தே ஆராயும் முறை வெண்கல நிலையில் அமைந்தது. பரிசோதகரின் பயணச் செலவு மிஞ்சியதே இச்சிக்கனத்தின் ஒரு காரணம்.

எனினும், ஏற்றும் படம் ஆய்வு நாளுக்காகக் கூட்டிப் பெருக்கிய பட்டறையின் படமா, அன்றாடப் பட்டறையின் படமா என்பதைக் கருவி அறியாது. அங்குதான் பழைய பாடம் மீண்டும் தேவைப்படுகிறது.

எவருடைய எண்?

ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். அளவையைச் சிக்கனமாக்கியது கருவியன்று. அளப்பவர் யார் என்பதே. வேலை செய்பவரே அளந்து, அவரே பார்த்து, அவரே திருத்தும்போது பென்சிலும் போதுமானது. மேலிருந்து ஒருவர் அளந்து, கீழிருப்பவர் அஞ்சி நிற்கும்போது எத்துணை விலையுயர்ந்த கருவியும் வீண் செலவே. கைப்பேசி பலகையின் தொடர்ச்சியாகவும் ஆகலாம், நிறுத்துகடிகாரத்தின் மறுபிறப்பாகவும் ஆகலாம். தேர்வு மனிதரிடம் உள்ளது.

இதில் மொழிக்கும் பங்குண்டு. பட்டறையில் பிழையைக் குறிக்கும் சொற்கள் பல: பிசிறு, கீறல், நெளிவு, ஓட்டை. இவை உழைப்பவர் நாவில் பிறந்தவை. படிவம் வேறு மொழியில் இருப்பின், அவர் கண்ட குறை அவர் கையாலேயே பதிவாவதில்லை. இடையில் ஒருவர் மொழிபெயர்க்க நேரும்போது பாதி மறைந்துபோகிறது. ஓசூரின் தொழிற்கூடச் சொற்களைத் தொகுத்துப் படிவங்களில் ஏற்றுதல் தமிழ் ஆர்வலர்க்கு உரிய பணியாகும். மாத்திரைக்குக் கண்ணிமையை அளவாகக் கண்ட மொழி, உழைப்பவர் தம் உழைப்பைத் தாமே அளந்துகொள்ளவும் சொல் தருதல் வேண்டும்.