சதுரத் தாளிலிருந்து வந்த சின்னம்

உங்கள் கைபேசியை எடுத்து அதன் திரையைச் சற்று உற்று நோக்குங்கள். விரல் நுனி அளவே உள்ள சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. எழுத்தறியாத குழந்தைகூடத் தனக்கு வேண்டிய சின்னத்தைத் தொட்டுத் திறந்துவிடுகிறது. நெடுங்காலம் மனிதர்களே வரைந்து வந்த இச்சின்னங்களை, 2022ஆம் ஆண்டு முதல் இயந்திரமும் வரைந்து தரத் தொடங்கியிருக்கிறது. இந்த நிலைக்கு நாம் எப்படி வந்தோம்?

கணிப்பொறித் திரையிலுள்ள சிறு படத்துக்கு 'ஐகான்' என்று பெயர் சூட்டியவர் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1975இல் அவர் அளித்த ஆய்வேட்டில் இச்சொல் இடம்பெற்றது. அக்காலத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் கணிப்பொறியிடம் வேலை வாங்க முடியும். 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்' என்னும் கணிப்பொறியில் தாள், கோப்பு முதலியவற்றின் படங்களே திரையில் தோன்றின. அதன் அமைப்பில் ஸ்மித்துக்கும் பங்குண்டு. ஆனால் விலை 16,000 டாலருக்கும் மேல்! சாமானியர் அதைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்தது.

சின்னங்களைச் சாமானியரிடம் கொண்டு சேர்த்தது 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ். அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. அவர் கலை வரலாறு படித்தவர். கணிப்பொறிக்குப் படம் வரைந்து பழக்கமில்லாதவர். கணக்கு நோட்டில் இருப்பதுபோன்ற சதுரக் கட்டமிட்ட தாளை எடுத்துக்கொண்டார். பக்கத்துக்கு 32 கட்டமாக மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. இந்தச் சிறு சதுரத்துக்குள் குப்பைத் தொட்டியையும் கைக்கடிகாரத்தையும் சிரிக்கும் கணிப்பொறியையும் அவர் அடக்கினார். பூத்தையல் போடுபவரும் வண்ணக் கற்களைப் பதித்துச் சித்திரம் செய்பவரும் பன்னெடுங்காலமாகச் செய்துவரும் வேலைதானே இது! கட்டளை விசைக்கு ஒரு குறி தேவைப்பட்டபோது, குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டி, சுவீடன் நாட்டில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் பலகையின் குறியைத் தேர்ந்தெடுத்தார். நான்கு மூலையிலும் வளையமிட்ட அந்தக் குறி இன்றும் ஆப்பிள் விசைப்பலகைகளில் இருக்கிறது. எதை வரைவது என்பதைவிட எதை விடுவது என்ற தீர்மானத்திலேதான் அவருடைய திறமை இருந்தது என்பேன்.

ஆப்பிள் நிறுவனம் கைபேசிச் செயலிகளுக்கான கடையை 2008 ஜூலையில் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள். பிறகு அவை லட்சக்கணக்கில் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் வேண்டும். அதையும் பக்கத்துக்கு 1,024 புள்ளி வீதம் தர வேண்டும். கேருக்கு மொத்தக் கட்டங்களாக இருந்த எண் இன்று ஒரு பக்கத்தின் அளவாகிவிட்டது! மொத்தம் 10,48,576 புள்ளிகள். தனியாளாகச் செயலி எழுதும் ஓர் இளைஞர் ஓவியருக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவார்?

இங்கேதான் இயந்திர ஓவியன் நுழைகிறான். தண்ணீரில் ஒரு துளி மையை விடுங்கள். அது பரவிக் கலங்கிவிடும். கலங்கியதைப் படிப்படியாகப் பின்னோக்கித் தெளியவைக்க இயலுமா? 2015இல் சில ஆய்வாளர்கள் இந்தப் பௌதிகக் கருத்தைப் படங்களுக்குப் பொருத்தினர். படத்தின்மீது தாறுமாறான புள்ளிகளைத் தூவிக் கலக்குவது, பிறகு எந்தப் புள்ளிகள் தூவப்பட்டவை என்று ஊகித்து நீக்கக் கணிப்பொறியைப் பழக்குவது: இதுவே முறை. கோடிக்கணக்கான படங்களில் பழகிய பின், வெறும் புள்ளிக் குவியலைக் கொடுத்து 'பூனை' என்று எழுதினால், அது பூனையையே தெளிவித்துத் தருகிறது. இவ்வகையான 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' 2022 ஆகஸ்டில் யாவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டது.

அதனிடம் செயலிச் சின்னம் கேட்டால் அழகான படம் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு பாணியில் வரும். ஆகவே மறுபடி பழக்க வேண்டியிருக்கிறது. முழு மாதிரியையும் மாற்றப் பெரிய இயந்திரங்கள் தேவை. 2021இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மொழி மாதிரிகளுக்காக ஒரு சிக்கன வழியைக் கண்டிருந்தனர். பள்ளியில் படித்த அணிப் பெருக்கலை நினைவுகூருங்கள். 1,000 நிரை, 1,000 நிரல் கொண்ட ஓர் அணியில் பத்து லட்சம் எண்கள் உண்டு. அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, 1,000க்கு 4, 4க்கு 1,000 என்ற இரு மெலிந்த அணிகளை மட்டும் பழக்கி, அவற்றின் பெருக்கற்பலனைப் பழைய அணியுடன் கூட்டினால் என்ன? பழக்க வேண்டியவை வெறும் 8,000 எண்களே. இம்முறை விரைவில் பட மாதிரிகளுக்கும் வந்தது. ஒரே பாணியிலுள்ள சில பத்துச் சின்னங்களைக் காட்டினாலே போதும். அந்தப் பாணி மாதிரிக்குப் பிடிபட்டுவிடுகிறது.

பாணி பிடிபடும், பொருள் பிடிபடாது. மாதிரிப் படங்களின் மூலைகள் வளைந்திருந்தால் இதுவும் வளைந்த மூலைகளையே வரையும். ஆப்பிள் கேட்பதோ முழுச் சதுரம், மூலையைக் கைபேசியே வெட்டிக்கொள்ளும். கணக்குச் செயலிக்குச் சின்னம் கேட்டால் நாணயம், காகிதம், பேனா, வரைபடம் எல்லாம் சேர்ந்து வரும். பெரிதாகப் பார்க்கையில் பளபளக்கும் அந்தப் படம் விரல் நுனி அளவுக்குச் சுருங்கினால் வெறும் கறை. அளவுமீறிப் பழக்கினாலோ, காட்டிய படங்களையே ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும்.

அந்தப் படங்கள் யாருடையவை? 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள், தங்கள் படைப்புகள் அனுமதியின்றி இத்தகைய மாதிரிகளுக்குப் பாடமாக்கப்பட்டன என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அடுத்த மாதமே அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், ஒரு சித்திரக்கதை நூலை ஆராய்ந்து, அதன் எழுத்துக்கும் அமைப்புக்கும் உரிமை உண்டு, இயந்திரம் ஆக்கிய தனிப்படங்களுக்கு இல்லை என்று முடிவு கூறியது. இதன்படி, இயந்திரம் தந்ததை அப்படியே சின்னமாக வைத்துக்கொள்பவர் அதைப் பிறர் நகலெடுத்தால் பதிப்புரிமை பேசித் தடுப்பது அங்கே கடினம். வணிகச் சின்னச் சட்டம் ஒன்றே அவருக்கு மிச்சம். அச்சட்டத்தில், வரைந்தவர் யார் என்பதைவிட, வாங்குவோர் அச்சின்னத்தை எவருடைய பொருளின் அடையாளமாக அறிகிறார்கள் என்பதே கேள்வி.