சிட்லிங்கி லம்பாடி பூத்தையல்

சிட்லிங்கி லம்பாடி பூத்தையல், தருமபுரி மாவட்டம் அரூர் பகுதியிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்களின் ஊசிவேலை. தங்கள் உடைகளுக்காக அவர்கள் செய்துவந்த இக்கலை ஏறத்தாழ மறைந்து, 2006-க்குப் பின் விற்பனைப் பொருளாக மீண்டது. மறைந்ததற்கும் மீண்டதற்கும் உடை அழகு பற்றிய ரசனை மாற்றம் ஒரு காரணம்.

பின்னணி

லம்பாடிகள் ராஜஸ்தான் பகுதியிலிருந்து தெற்கே வந்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிச் சென்று விற்றனர். 19-ஆம் நூற்றாண்டில் சாலைகளும் ரயில் பாதைகளும் பெருகியபோது இத்தொழில் நலிந்தது. பலர் தண்டா எனப்படும் குடியிருப்புகளில் நிலைத்து, உழவுக்கும் கூலிவேலைக்கும் மாறினர். சிட்லிங்கியில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையினர், லம்பாடிகள் சிறுபான்மையினர்.

உடையும் அதன் மறைவும்

லம்பாடிப் பெண்களின் பாவாடை, ரவிக்கை, தலைத்துணி மூன்றிலும் ஊசிவேலை நிறைந்திருக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள் நூல்களோடு கண்ணாடிச் சில்லு, சோழி, நாணயம் ஆகியவையும் வைத்துத் தைக்கப்படும். ஓர் உடையை முடிக்க மாதக்கணக்காகும். அதை விலைக்குத் தைப்பதில்லை. உடுத்துபவர் யார் என்பதைக் காட்டும் அடையாளம் அது.

ஆலைத்துணி மலிவாகக் கிடைத்தபோது இளம்பெண்கள் சேலைக்கு மாறினர். எடை மிகுந்த பழைய உடை பெட்டிக்குள் போயிற்று. வேலை தேடிப் பலர் திருப்பூர் பின்னலாடை ஆலைகளுக்குச் சென்றனர். முதிய பெண்கள் சிலருக்கு மட்டுமே தையல் முறைகள் நினைவிலிருந்தன.

மீட்பு

மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் 1993-ல் சிட்லிங்கியில் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் மருத்துவ அமைப்பைத் தொடங்கினர். பின்னர் லலிதாவின் முயற்சியால் லம்பாடிப் பெண்களின் கைவினைக் குழு உருவானது. அதன் பெயர் பொர்கை. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். முதியவர்களிடமிருந்தும் எஞ்சிய பழைய துணிகளிலிருந்தும் இளையவர்கள் தையல்களைக் கற்றனர்.

வடிவமைப்பும் வாங்குவோரும்

பழைய உடையை அப்படியே விற்க முடியாது. நகரத்தில் அதை அன்றாடம் உடுத்துபவர் இல்லை. எனவே குர்தா, பை, மெத்தை உறை போன்ற பழகிய பொருள்களில் லம்பாடித் தையல் இடம்பெற்றது. துணி முழுவதையும் மூடிய வேலை ஓரத்துக்கும் கழுத்துப் பட்டைக்கும் சுருங்கியது. அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி, மக்கள் புதுமையை விரும்பினாலும் அது தங்களுக்குப் பழகியதிலிருந்து வெகுதூரம் விலகினால் வாங்கத் தயங்குவர் என்று கருதினார். பழகிய பையில் பழகாத தையல் என்பது அக்கருத்துக்குப் பொருந்துகிறது.

கர்நாடகத்தின் சண்டூர் லம்பாணி பூத்தையலும் நீலகிரியின் தோடர் பூத்தையலும் இவ்வாறே சந்தைக்கு வந்தவை. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை.

விளைவு

ஊரைவிட்டுப் போகாமல், வீட்டிலிருந்தபடி பெண்கள் வருமானம் ஈட்ட இக்கலை வழிசெய்தது. தையல் முறைகள் அடுத்த தலைமுறைக்குச் சென்றன. ஆனால் எந்த நிறம், எவ்வளவு வேலைப்பாடு என்பதை முன்பு உடுத்துபவரே முடிவுசெய்தார். இன்று அம்முடிவில் தொலைவிலிருந்து வாங்குபவரின் விருப்பமும் சேர்ந்துள்ளது. உடையாக மறைந்த கலை, பண்டமாக வாழ்கிறது.